வெற்றிலை வைக்காமல் வந்த பத்திரிகை

எங்கள் மலையில் கல்யாணப் பத்திரிகையை யாரும் ஒரு கையால் வாங்க மாட்டார்கள். தட்டில் வெற்றிலை பாக்கோடு நீட்டினால், செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்க வேண்டும். வாங்கியதும் அங்கேயே பிரித்துப் பார்க்க வேண்டும். யார் வீட்டுக் கல்யாணம் என்று முன்னால் கேட்டுவிட்டு அப்புறம் வாங்குவது மரியாதையில்லை. பிரிக்காமல் ஜன்னல் மேல் செருகி வைத்தால் அந்தக் கல்யாணத்துக்கே ஆகாது என்பார்கள்.

மாரமங்கலத்தில் அந்தத் தட்டைத் தூக்குகிற வேலை என் அண்ணனுடையது. யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு இருப்பது கொஞ்சம் காப்பித் தோட்டமும், சில்வர் ஓக் மரங்களில் ஏறிக்கிடக்கும் மிளகுக் கொடியும்தான். ஆனால் சுற்று வட்டாரத்தில் எந்த வீட்டில் எத்தனை பங்காளிகள், யாருக்கு முதலில் சொல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் வந்து அழைத்தால்தான் அழைத்தது. கல்யாண வீட்டுக்காரரே நேரில் வந்தாலும், “அண்ணன் வரலீங்களா?” என்று கேட்கிற ஆட்கள் இருந்தார்கள். அண்ணனுக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை உண்டு. நான் அதைச் சொல்லிக் கேலி செய்தால், “உனக்குப் பொறாமை கண்ணு” என்பார்.

நான் ஏற்காட்டு பஜாரில் இ-சேவை மையம் நடத்துகிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் அட்டைத் திருத்தம், புகார் மனு என்று மலைக்காரர்களுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிற பிழைப்பு. அதனால் பின்னால் நடந்ததெல்லாம் என் விரல்கள் வழியாகவே நடந்தது. எனக்குக் கோபம் சட்டென்று வரும். இந்த விஷயத்தில் யார்மேல் கோபப்படுவது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

முதலில் பஸ் கதையைச் சொல்ல வேண்டும். மலைக் கிராமங்களுக்குப் பஸ் எப்போது வரும் என்பது வருகிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. கரடியூர்ப் பெண் ஒருத்தி சேலத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, பஸ் எந்த வளைவில் வருகிறது என்று காட்டுகிற ஒரு ஆப் செய்தாள். பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரின் ஃபோனை வைத்தே அது இடத்தைக் கண்டுபிடித்துச் சொல்லும். அருமையான பொருள். ஆனால் எல்லோரும் ஆப் வாங்குகிற கடையில் அதை வைக்க அவளால் முடியவில்லை. உன் வீட்டு முகவரியைக் கொடு, ஊரறியப் போடுவோம் என்றார்களாம். ஜனங்களின் இருப்பிடத்தை எடுக்கிறாயே, அதை என்ன செய்வாய் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடு என்றார்களாம். கல்யாணம் ஆகாத பெண்ணின் முகவரியை ஊரறியப் போடுவதா என்று அவள் அப்பா கத்தினார். அதனால் அவள் அதை வெறும் ஃபைலாகவே கொடுத்துவிட்டாள். ஒருவர் ஃபோனிலிருந்து இன்னொருவர் ஃபோனுக்கு மெசேஜில் அனுப்பிக்கொள்ள வேண்டியது.

அதை ஊர் ஊராக எடுத்துப் போனவர் என் அண்ணன்தான். பத்திரிகை வைக்கப் போகிற இடத்திலெல்லாம், “ஃபோனக் கொண்டாங்க” என்று வாங்கி ஏற்றிக் கொடுத்தார். அப்படி ஏற்றும்போது ஃபோன் ஒரு கேள்வி கேட்கும்: மெசேஜில் வருகிற ஆப்களை இனிமேல் அனுமதிக்கலாமா? சரி என்று ஒருமுறை அழுத்திவிட்டால் அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்காது. மாரமங்கலத்திலும் செம்மநத்தத்திலும் கரடியூரிலும் அண்ணன் எல்லோருக்காகவும் அதை அழுத்தினார். பஸ்ஸும் தெரிந்தது. மழையில் நனைந்துகொண்டு நிற்காமல் ஜனங்கள் வீட்டில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அவரை வாழ்த்தாத வாய் இல்லை.

கதவு அப்படித் திறந்து கிடந்த நாட்களில்தான் அந்தப் பத்திரிகை வந்தது. தெரிந்தவர் ஒருவருடைய நம்பரிலிருந்து அண்ணன் ஃபோனுக்கு. பிள்ளையார் படம், மஞ்சள் எழுத்து, ‘எங்கள் இல்லத் திருமண அழைப்பிதழ்’ என்று ஒரு ஃபைல். வாசலில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் கிளறிக்கொண்டிருந்த பலகையைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாராம். அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். எஸ்எம்எஸ் படிக்கலாமா என்று கேட்டது, சரி என்றார். ஃபோனில் இருக்கிற பெயர்களையும் படங்களையும் பார்க்கலாமா என்று கேட்டது, அதற்கும் சரி என்றார். எல்லாவற்றுக்கும் சரி சொன்ன பிறகு பார்த்தால் பத்திரிகையே இல்லை, வெள்ளைத் திரை. நெட்வொர்க் சரியில்லை என்று நினைத்து மறுபடியும் காப்பியைக் கிளறப் போய்விட்டார்.

அந்த ஆப் சும்மா இருக்கவில்லை. அண்ணன் ஃபோனில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் பெயரில் அதே பத்திரிகையை அனுப்பியது. வேறு யார் அனுப்பியிருந்தாலும் ஒன்றிரண்டு பேராவது யோசித்திருப்பார்கள். அனுப்பியது அழைப்புக்காரர். அவர் கொடுத்தால் பிரித்துப் பார்க்காமல் வைக்கக் கூடாது. எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் பல பேருடைய பாங்கிக் கணக்கு துடைத்தெடுத்த மாதிரி ஆகிவிட்டது. பணம் போனதோடு நிற்கவில்லை. ஒரு வீட்டுப் பிள்ளையின் படங்களை ஃபோனிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு எவனோ மிரட்டினான். அந்த வீட்டுக்காரர்கள் இன்றுவரை என் அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்புவதில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

மறுநாளிலிருந்து என் மையத்தில் கூட்டம். புகார் மனுவில், மோசடிச் செய்தி எந்த எண்ணிலிருந்து வந்தது என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஃபோனை என் பக்கம் நீட்டுவார்கள். நான் ஒவ்வொரு மனுவிலும் என் அண்ணனுடைய நம்பரைத் தட்டச்சு செய்தேன். மனப்பாடமாக இருந்ததால் ஃபோனைப் பார்க்கக்கூடத் தேவைப்படவில்லை. செம்மநத்தத்திலிருந்து அண்ணியின் தம்பியும் வந்திருந்தான்.

அண்ணி தூக்கி வளர்த்த பிள்ளை அவன். தாய் இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறு ஊட்டியதும், கல்யாணம் ஆகி வந்தபோது அவனைக் கூடவே கூட்டி வந்து படிக்க வைத்ததும் அண்ணிதான். பெரியவனான பிறகு மிளகு சீசனில் ஆள் சேர்த்துக் குடகுக்குக் கூட்டிப் போய்ப் பறித்துக் கொடுக்கிற மேஸ்திரி ஆகிவிட்டான். ஆட்களுக்கு அட்வான்ஸ் கொடுக்க வைத்திருந்ததெல்லாம் அன்றைக்குப் போனது. அவனை நம்பி வேலைக்கு ஒப்புக்கொண்டவர்கள் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவனும் மாமாவின் நம்பரைத்தான் அந்தக் கட்டத்தில் போட வேண்டியிருந்தது. வேறு நம்பர் போட முடியாதா என்று என்னிடம் கேட்டான். முடியாது என்றேன்.

அந்த மனுக்களால் அண்ணனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். நல்லபடியாகத்தான் நடத்தினார்கள், உட்கார வைத்து டீ கொடுத்தார்கள், நீங்களும் ஏமாந்தவர்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் ஊருக்குள், போலீஸ் கூட்டிப் போனது மட்டும்தான் செய்தி. மச்சான் எழுதிக் கொடுத்ததால்தான் மாமன் ஸ்டேஷனில் உட்கார்ந்தான் என்று யாரோ பேசி வைத்தார்கள். அண்ணன் அதைக் காதில் வாங்கிவிட்டார். அக்கா வீட்டுக்கு அவன் வருவது நின்றது. அண்ணி இரண்டு பக்கமும் பேச முடியாமல் நடுவில் கிடந்தாள்.

ஃபோன்களையெல்லாம் பஜாரில் மொபைல் கடை வைத்திருக்கும் பாய்தான் சுத்தம் செய்து கொடுத்தார். பாவம், பாதிப் பேரிடம் கூலி வாங்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துப் புது ஃபோன் மாதிரி ஆக்கினால்தான் அந்தச் சனியன் போகும் என்றார். அழித்ததில் பெயர்களும் போயின. அண்ணன் நம்பரை பிளாக் செய்யும்படி போலீஸ்காரர்கள் ஊர் ஊராக விழிப்புணர்வுக் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். தெரியாத நம்பரை எடுக்காதே, அதிலிருந்து வருகிற எதையும் திறக்காதே, தெரிந்த குரல் மாதிரியே போலியாகப் பேசுவார்கள், நம்பாதே என்றார்கள். சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் பெயர்கள் அழிந்துபோன ஃபோனில் மாமனும் அத்தையும் அக்காவும் எல்லோருமே தெரியாத நம்பர்தான்.

நான் விடவில்லை. சேலத்தில் எனக்குத் தெரிந்த வக்கீலம்மா ஒருவரைப் பிடித்து, பாங்கியின்மேல் நுகர்வோர் ஆணையத்தில் அண்ணன் பெயரில் மனுப் போட்டேன். பாங்கியின் பதில் சுருக்கமாக வந்தது. முறையான கடைக்கு வெளியிலிருந்து வந்த ஆப்பை வாடிக்கையாளர் தானாகவே ஏற்றியிருக்கிறார், ஒவ்வொரு அனுமதியையும் அவரே கொடுத்திருக்கிறார், ஆகவே எங்கள் பொறுப்பு இல்லை. ஆணையத்தில் விசாரித்தவர் பொறுமையானவர். அண்ணனிடம், அனுமதி கொடுத்தது நீங்கள்தானா என்று மெதுவாகக் கேட்டார்.

அண்ணன் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். “பத்திரிகைன்னு வந்துச்சுங்க. வாங்கிக்கிட்டேனுங்க” என்றார்.

வக்கீலம்மா வெளியே வந்து எனக்கு விளக்கிச் சொன்னார். நம் விவரங்களைப் பாதுகாக்கப் புதுச் சட்டம் வந்திருக்கிறது, எதற்கு என்று தெளிவாகச் சொல்லி, புரிய வைத்து வாங்குகிற சம்மதம்தான் சம்மதம் என்று அதில் இருக்கிறது. அண்ணனிடம் வாங்கியது அந்தக் கணக்கில் சம்மதமே இல்லை. எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம்தான் மீதியைச் சொன்னார். அந்தச் சட்டம் பேரும் ஊரும் உள்ளவனைத்தான் பிடிக்கும். பத்திரிகை அனுப்பினவனுக்குப் பேரும் இல்லை, ஊரும் இல்லை. நாலு பேருக்கு நல்லது செய்த கரடியூர்ப் பெண்ணுக்கு இரண்டும் இருந்தன. நாளைக்குத் தன்னைக் கேட்பார்கள் என்று பயந்து அவள் பஸ் ஆப்பை நிறுத்திவிட்டாள். இப்போது வருகிற ஃபோன்களில் வெளி ஆப்பை ஏற்றப் போனால், நிஜமாகவா, யோசித்தாயா, யாராவது உன்னை அவசரப்படுத்துகிறார்களா என்று திரை மாற்றித் திரை மாற்றிக் கேட்கிறது. நல்ல கேள்விகள்தான். எங்களுக்கு முன்னாலேயே கேட்டிருக்கலாம் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வழக்கு இழுத்துக்கொண்டு கிடந்தது. அண்ணனைத் தட்டுத் தூக்க யாரும் கூப்பிடவில்லை. ஊரில் ஒரு கல்யாணம் வந்தது, வேறு யாரோ வந்து எங்கள் வீட்டுக்கே பத்திரிகை வைத்துவிட்டுப் போனார்கள். அண்ணன் இரண்டு கையாலும் வாங்கி, பிரித்துப் படித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். சாப்பாட்டுக்கு வரவில்லை. நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். அண்ணி சோற்றைப் போட்டுத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மிளகு சீசன் தொடங்கி, அண்ணியின் தம்பி எப்படியோ புரட்டிப் போட்டு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு குடகுக்குப் போயிருந்த சமயத்தில் அண்ணி படுத்துவிட்டாள். சளி என்று நினைத்தோம். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு சேலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். நான் மையத்தைப் பூட்டிவிட்டுக் கூடவே இருந்தேன்.

அண்ணி கேட்டது ஒன்றே ஒன்றுதான். தம்பியைப் பார்க்க வேண்டும்.

அண்ணன் தன் ரோஷத்தை விட்டுவிட்டு அவரே ஃபோன் போட்டார். போகவில்லை. பிளாக்கில் இருந்தது. நான் என் ஃபோனிலிருந்து கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. விவரம் எழுதி அனுப்பினேன். அப்புறம் அண்ணியே, ஃபோனைக் கொடு, நான் பேசி அனுப்புகிறேன் என்றாள். மூக்கில் இருந்த குழாயைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு பேசினாள். நான் கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன், அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதை நான் ஏன் கேட்க வேண்டும் என்று. அனுப்பியதும் இரண்டு டிக் விழுந்தது.

“போயிருச்சா கண்ணு?” என்றாள்.

“போய்ச் சேந்துருச்சுங்க அண்ணி” என்றேன். அதுவரை எல்லாம் உண்மைதான். செய்தி அவன் ஃபோனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதற்கப்புறம் காத்திருந்தோம். ஒவ்வொரு முறை வார்டுக் கதவு திறக்கும்போதும் அண்ணி தலையைத் தூக்கிப் பார்ப்பாள். நர்ஸ் வருவாள், துப்புரவுக்காரர் வருவார். குடகிலிருந்து வர ஒரு நாள் ஆகும் என்று முதலில் சொன்னோம். ஆட்களை விட்டுவிட்டு வர முடிந்திருக்காது என்று அப்புறம் சொன்னோம். சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனபோது, அண்ணன் வாயை விட்டுவிட்டார். அவனுக்கு அவ்வளவு ஆங்காரம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. செய்தி போய்ச் சேர்ந்த பிறகும் வராதவனை வேறு என்னவென்று நினைப்பது? வேறு ஆளை விட்டுச் சொல்ல வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. சொல்லியாகிவிட்டது என்றுதானே இருந்தோம்.

“அப்ப கோவமாத்தான் இருக்கான்” என்று அண்ணி ஒருதரம் சொன்னாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கதவு திறந்தபோது தலையைத் தூக்கவில்லை. மறுநாள் காலையில் போய்விட்டாள்.

பிறந்த வீட்டுக் கோடி போர்த்தாமல் எடுக்க முடியாது என்பதால், செம்மநத்தத்து டீக்கடைக்காரருக்கு ஃபோன் போட்டேன். அவரிடம் குடகு எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டரின் நம்பர் இருந்தது. ரைட்டர் நேராகத் தோட்டத்துக்குள் போய், ஏணிக்குக் கீழே நின்று சொன்னாராம். ஒரு ஆள் வந்து நேரில் சொன்னதும் அவன் நம்பினான். அப்படியே இறங்கி, மிளகு ஒட்டிய சட்டையோடு பஸ் ஏறிவிட்டான்.

மறுநாள் மாரமங்கலத்தில் பாடையை எடுக்காமல் அவனுக்காகவே வைத்திருந்தோம். அண்ணன் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டே நிறையப் பேர் வந்திருந்தார்கள். அழைக்காமலே வருவது சாவு ஒன்றுக்குத்தான். தம்பி வந்தான். சேலம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய கோடிச் சேலையைக் கவரிலிருந்து எடுக்கக் கை வரவில்லை, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். போர்த்திவிட்டு அக்காவின் காலடியில் உட்கார்ந்துகொண்டான். எழுப்ப முடியவில்லை. அண்ணன் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லாம் முடிந்து, குளித்துவிட்டு வந்து ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. சாகிறவள் கூப்பிட்டும் வராத அளவுக்கு என்ன கோபம் என்று அவன் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டேன். கூடியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் விழித்தான்.

“ஏனுங்க அம்மிணி, எனக்கு எதுவும் வரலீங்களே” என்றான்.

பையிலிருந்து ஃபோனை எடுத்து என்னிடமே கொடுத்தான். பார்த்தேன். என் நம்பர்தான், பெயர் இல்லாமல் வெறும் எண்ணாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் தவறிய அழைப்புகள், நான் எழுதியது, கடைசியில் அண்ணியின் குரல். எதுவும் திறக்கப்படவில்லை. மேலே ஒரு வரி: இந்த எண் உங்கள் பட்டியலில் இல்லை, தடுக்கவா, சேர்க்கவா? இதுதான் அந்த மாதிரி நம்பர் என்று நினைத்தேனுங்க, மணி அடிக்கிறப்பவெல்லாம் ஃபோனைக் கவுத்து வெச்சுருவேனுங்க என்றான். கூட்டத்தில் சொன்னபடியே அவன் நடந்திருக்கிறான். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

அண்ணன் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். தம்பி அந்தக் குரல் இருந்த இடத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“தொறக்கலாங்களா?” என்றான்.

தலையை ஆட்டினேன்.

“சாமி, கோவமெல்லாம் அப்பறம் வெச்சுக்கலாம். மாமா மேல தப்பில்ல, பத்திரிகைன்னு வந்தா யாருதான் வாங்காம இருப்பாங்க. எனக்கு நொம்ப முடியல. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ. ஏணியில பாத்து ஏறு.” நடுவில் மூச்சு வாங்கியது தெளிவாகக் கேட்டது.

அண்ணன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணியை எடுத்துப் போகும்போதுகூட அப்படி அழவில்லை. அவன் கோபமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாளே என்பது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அவளிடம் இப்போது போய், அப்படி இல்லை என்று சொல்ல வழியில்லை. அழைப்புக்காரருக்கே வழியில்லை.

வழக்கு இன்னும் நடக்கிறது. வக்கீலம்மா நம்பிக்கையாகத்தான் பேசுகிறார். வாய்தாவுக்கு இப்போது அண்ணனோடு தம்பியும் வருகிறான், இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து என் மையத்தில் டீ குடித்துவிட்டுச் சேலத்துக்கு இறங்குவார்கள். பஸ் எங்கே வருகிறது என்று தெரியாததால் ரோட்டில் போய் நின்றுகொள்வார்கள்.

அன்றைக்குக் குரலைக் கேட்டு முடித்த பிறகும், தடுக்கவா சேர்க்கவா என்று ஃபோன் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. சேர்க்க என்பதை அவன் அழுத்தினான். என்ன பெயர் என்று கேட்டது. என் பெயர் அவனுக்குத் தெரியும், ஆனாலும் ‘அக்கா’ என்று போட்டான். அந்தக் குரல் இருக்கிற நம்பர் அதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் நான் எதற்குக் கூப்பிட்டாலும் அவன் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறான். எடுத்துவிட்டு, நான் பேசுகிற வரைக்கும் ஒன்றும் சொல்லாமல் இருப்பான்.